நோயெச்சம்

காவிரியின் கடைமடைப் பகுதியிற் பிறந்தார் யாவரும் இளமையிலேயே அறிவதொன்றுண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் வயல் முழுகிக் கிடக்கும். சில நாளில் வடிகால் வழியே நீர் இறங்கப் பயிரின் தலை வெளியே தோன்றும். வழிப்போக்கன் அதனைக் கண்டு, "பயிர் பிழைத்தது" என்று சொல்லிப் போவான். உழவன் அங்ஙனம் சொல்லான். அவன் சேற்றில் இறங்கி, ஒரு குத்தைப் பிடுங்கி, வேரை விரலால் நசுக்கிப் பார்த்த பின்னரே வாய் திறப்பான். நீர் வடிந்தது வேறு, பயிர் பிழைத்தது வேறு என்பது அவனறிந்த பாடம்.

பயிரிடத்து இவ்வளவு நுணுக்கமாக நோக்கும் நம் மக்கள், மனிதருடலிடத்து அந்நோக்கினைக் கைவிடுதல் வியப்பே. கடுமையான மூச்சுநோயால் மருத்துவமனையிற் பல நாள் கிடந்த ஒருவர் வீடு திரும்பினாரென்றால், "நோய் நீங்கிற்று" என்று ஊரார் முடிவு கட்டிவிடுகின்றனர். நீங்கிற்று என்பது வினைமுற்று. அதன்பின் வினவுதற்கு ஒன்றுமில்லை. உண்மை நிலையோ பெரும்பாலும் 'நோய் நீங்கி' என்னும் வினையெச்சமாகவே நிற்கிறது. நீங்கி என்ன ஆயிற்று? எழுந்தாரா, நடந்தாரா, வேலைக்குப் போனாரா? தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கு எச்சவியல் என்று பெயர். முன்னை இயல்களிற் சொல்லாது எஞ்சியவற்றைத் தொகுத்துரைக்க ஆசிரியர்க்கு ஓர் இயல் தனியே வேண்டியிருந்தது. மருத்துவ நூலார்க்கும் அத்தகைய இயலொன்று அண்மைக் காலத்தில் வேண்டுவதாயிற்று. இலக்கணத்தை இங்ஙனம் நோய்க்கு இழுத்தல் தகாதென எம் ஆசிரியன்மார் கடியினும் கடிக; இக்கட்டுரைக்கு 'நோயெச்சம்' என்னும் சொல்லையே யான் எடுத்தாள்கின்றேன்.

இப்பொருளை யான் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் நூலன்று, என் தாய்மாமனே. 2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தஞ்சை மாவட்டத்துப் பள்ளிகள் சிலவற்றில் மாணாக்கரிடையே கொரோனாத் தொற்றுப் பரவிற்று. அடுத்த இரு திங்களில் இரண்டாம் அலை நாடெங்கும் எழுந்தது. மே மாதம் 21-ஆம் நாள் ஒன்றிலேயே தமிழ்நாட்டில் 36,000-க்கு மேற்பட்டார்க்குத் தொற்று உறுதியாயிற்று. அவ்வாரத்தில் என் மாமன் நகரத்து மருத்துவமனை ஒன்றிற் பிராணவாயுக் குழாயுடன் கிடந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. ஒன்பது மா நிலம் குத்தகைக்குச் செய்பவர். நெல்மூட்டை தூக்குவதிற் பேர் பெற்றவர். பத்தொன்பது நாள் கழித்து வீடு வந்தார். அத்தை திருஷ்டி கழித்து உள்ளே அழைத்தாள். அது கிறித்தவ வீட்டு வழக்கமன்று. ஆயினும் அன்று அவளை யாரும் தடுக்கவில்லை.

ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. காவிரிக்கரை உழவனுக்கு இந்நாள் பஞ்சாங்கத்துத் திருநாள் போன்றது. பல ஆண்டுகள் நீரின்மையால் தவறிய அந்நாள், 2020-இலும் 2021-இலும் தவறாது வாய்த்தது. ஆயின் மே மாதத்தில் மூச்சுக்குப் போராடியவர்க்கு, ஜூன் மாதத்தில் வாய்க்காலில் நீர் வந்து நின்றது. நீர் எவர்க்கும் காத்திராது. குறுவையை அத்தையே ஆள் வைத்து ஒருவாறு முடித்தாள். புரட்டாசியிற் சம்பா நடவு தொடங்கியபோது மாமன் தாமே வயலில் இறங்கினார். நாற்றுமுடிகள் இரண்டைக் கையிலெடுத்து வரப்பில் இருபது முப்பது அடி சென்றவர் அப்படியே நின்றார், பின் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. நோய் கண்டு நான்கு திங்கள் கடந்திருந்தன. நடவாட்கள் ஒருவரையொருவர் நோக்கிக்கொண்டனர். யான் அப்போது பதினைந்து வயதுச் சிறுவன். அவர்கள் நோக்கினது எனக்கு மானக்கேடாகத் தோன்றிற்று. "மாமா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இத்தனை நாளாயிற்று, இன்னும் நோயாளியாகவே இருக்கப் போகிறீர்களா?" என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டேன். அவர் விடை கூறவில்லை. தோள் துண்டை எடுத்துத் தலையிற் கட்டிக்கொண்டு மறுபடியும் எழுந்தார். அன்று மாலை அவரைத் தூக்கிவந்து திண்ணையிற் கிடத்த நேர்ந்தது.

அச்சொல்லைச் சொன்னவன் அறியாதிருந்தவற்றை இனிக் கூறுவேன்.

நுரையீரலுள் மூச்சுக்குழல் கிளைத்துக் கிளைத்துச் சென்று இறுதியிற் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளாக முடிகிறது. ஒவ்வோர் அறையையும் மயிரினும் நுண்ணிய குருதிக்குழாய்கள் தழுவிச் செல்கின்றன. அறைக்கும் குருதிக்கும் இடைப்பட்ட சுவர் ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டால் அதில் ஏறத்தாழ ஒரு கூறளவே தடிப்புடையது. இச்சுவரைக் கடந்துதான் பிராணவாயு குருதியிற் கலக்கவேண்டும். கொரோனாவாயினும் இன்ஃபுளூயன்சாவாயினும் வைரஸ் கடுமையாகத் தாக்குமிடத்து இச்சுவர் புண்பட்டு அறைகளில் நீர் நிறைகிறது. புண் ஆறுங்கால் பலர்க்குச் சுவர் பழைய வண்ணம் அமைகிறது. சிலர்க்கோ நார்த்திசு படர்ந்து தடித்துவிடுகிறது. தடித்த சுவரூடே வாயு விரைந்து செல்லமாட்டாது. நுரையீரலும் முன்போல் விரிந்து கொடாது.

இதனால் விளையும் மயக்கம் ஒன்றுண்டு. அமர்ந்திருப்பவனுக்கு வேண்டிய பிராணவாயு சிறிது; அதனைக் குறைபட்ட நுரையீரலும் தந்துவிடும். ஆகவே திண்ணையிலிருந்து பேசுங்கால் அவன் நலமுடையவனாகவே தோன்றுவான். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் 97 என்றே காட்டும். எழுந்து சிறிது தூரம் விரைந்து நடந்தபின் அதே கருவி 90-க்குக் கீழ் இறங்கிக் காட்டுதலும் உண்டு. இருக்கையில் அளந்தவனும் நடக்கையில் அளந்தவனும் ஒருவனைப் பற்றியே முரண்பட்ட இரு தீர்ப்புக் கூறுவர். இருவர் கூற்றும் மெய்யே.

மேசையிலிருந்து எழுதுவோர்க்கு இக்குறை பெரிதாய்த் தோன்றாது போகலாம். நம் நாட்டு வேலையை எண்ணிப் பார்க்க. நடவு என்பது காலை முதல் உச்சிப்பொழுது வரை முழங்கால் சேற்றில் இடுப்பை மடித்துப் பின்னோக்கி நடந்து செய்யும் தொழில். குனியுங்கால் வயிற்றுறுப்புக்கள் உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. மூச்சு முழுதும் இறங்க இடமில்லை. சேற்றிற் புதைந்த காலை ஒவ்வோரடியும் பிடுங்கி வைத்தல் வேண்டும். களையெடுப்பும் அவ்வாறே. அறுவடைக்காலத்தோ களத்தில் எழும் தூசியும் சுணையும், இயந்திரம் அறுக்குமிடத்துப் பின்னே கிளம்பும் புழுதியும், நல்ல நுரையீரலையே இருமச் செய்வன. இவ்வேலைகளிற் பாதி வேலை என்பதும் இல்லை. வரிசையில் நின்று நடும் பெண்களுள் ஒருத்தி பின்தங்கினால் வரிசை முழுதும் கோணும். ஆதலின் இளைத்தவளை மறுநாள் அழைப்பாரில்லை. அவள் கூலி இழப்பதற்கு மருத்துவச் சீட்டில் எழுதும் சொல் ஒன்றுமில்லை.

நுரையீரலே இக்குற்றம் முழுவதற்கும் காரணமென்று எண்ணலாகாது. இங்கே கனடா நாட்டு டொரண்டோ நகர மருத்துவர் மார்கரெட் ஹெரிட்ஜ் என்பாரும் அவர் குழுவினரும் செய்த ஆராய்ச்சியைக் கூறவேண்டும். இது கொரோனாவுக்கு நெடுநாள் முற்பட்டது. நிமோனியா முதலிய பல காரணங்களால் நுரையீரல் திடீரெனச் செயலிழந்து, தீவிர சிகிச்சைப் பிரிவிற் கிடந்து பிழைத்த 109 பேரை அவர்கள் ஓராண்டு தொடர்ந்து நோக்கி 2003-இல் முடிபினை வெளியிட்டனர். தீவிர சிகிச்சையினின்று வெளிவந்த பொழுதிலேயே அந்நோயாளிகள் தம் உடலெடையில் நூற்றுக்கு 18 பங்கினை இழந்திருந்தனர். ஓராண்டு கழிந்தபின் அவர்தம் நுரையீரல் ஏறத்தாழ இயல்பான அளவுக்கு மீண்டிருந்தது. ஆயினும் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளந்தபோது, அவ்வயதினர் நடக்கத்தக்க தூரத்தில் நூற்றுக்கு 66 பங்கே நடந்தனர். வேலைக்குத் திரும்பியோர் பாதிப்பேர். காரணம் வினவியபோது அவர்கள் மூச்சைக் காட்டிலும் தசையையே பெரிதும் சுட்டினர்: தசை இளைத்துப் போயிற்று, வலுவில்லை, களைப்பு. அதே மக்களை ஐந்தாண்டு தொடர்ந்து நோக்கி 2011-இல் வெளியிட்டபோதும் நடை நூற்றுக்கு 76 பங்களவிலேயே நின்றது.

ஆறு நிமிட நடைச் சோதனை மிக எளியது. பிணியாளரை ஒரு நீண்ட தாழ்வாரத்திற் போக்கும் வரவுமாக நடக்கவிட்டு, ஆறு நிமிட முடிவில் தூரத்தைக் குறித்துக்கொள்வது. கடிகாரமும் அளவுநாடாவும் போதும். ஆக்ஸிமீட்டரும் உடனிருந்தால் நலம். இத்துணை மலிந்த சோதனையை நம் சிற்றூர்ச் சுகாதார நிலையங்கள் யாவற்றிலும் செய்யலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. தஞ்சை வரப்புகளை எண்ணினால், தாழ்வாரத்தினும் கடியதொரு சோதனைக்களம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு; மாமன் அதிலே தோற்றதைக் கண்டும் அது சோதனையென்று எனக்கு விளங்காமற் போயிற்று.

கொரோனாவைப் பற்றியே சொல்லுங்கால், நோய் முதலில் தோன்றிய சீன நாட்டு வூகான் நகரில் மருத்துவமனையினின்று விடுவிக்கப்பெற்ற 1,733 பேரை ஆறு திங்கள் கழித்து ஆராய்ந்தனர். நூற்றுக்கு 76 பேர்க்கு ஏதேனும் ஒரு குறையாவது எஞ்சியிருந்தது. 63 பேர்க்குக் களைப்பு அல்லது தசைத் தளர்ச்சி. 26 பேர்க்கு உறக்கமின்மை. 2021-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இச்செய்தி வெளியாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இந்நோயெச்சத்துக்கு இலக்கணம் வகுத்தது. தொற்றுத் தொடங்கி மூன்று திங்களளவில் காணப்பட்டு, இரண்டு திங்களேனும் நீடித்து, வேறு நோயாற் காரணங் கூறவியலாத குறைகள் என்பது அதன் சாரம். என் மாமன் வரப்பில் உட்கார்ந்ததும் ஏறத்தாழ அவ்விலக்கணம் வெளிவந்த நாட்களிலேயே.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார், இலேசாக நோய் கண்டவரும் கடுமையாகக் கண்டவரும் அடங்கிய 207 பேரின் நுரையீரலை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டனர். வாயு குருதியிற் கலக்கும் ஆற்றல் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர்க்குக் குறைந்திருந்தது. நூற்றுக்கு 35 பேர்க்கு நுரையீரல் விரியும் அளவு சுருங்கியிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரோ 31 மருத்துவமனைகளினின்று வீடு திரும்பிய 14,419 பேரை ஓராண்டு தொடர்ந்து விசாரித்து 2023-இல் அறிவித்தனர். அவர்களுள் நூற்றுக்கு ஆறரைப் பேர் அவ்வோராண்டிற்குள் இறந்துபோயினர். முதியோர், வேறு நோயுடையோர், மருத்துவமனையிற் கடுநிலையிலிருந்தோர் ஆகியோர்க்கு இடர் மிகுதி. நோய் காண்பதற்கு முன்னரே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்க்கு அவ்விடர் பெரிதும் குறைந்திருந்தது. நீங்கிற்று என்று ஊர் சொன்ன பின் நேர்ந்த இறப்புக்கள் இவை.

இன்னும் ஒன்று. நோயின் எச்சம் வேறு, மருந்தின் எச்சம் வேறு. இரண்டும் ஓருடலிற் கலந்துவிடுகின்றன. டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து மலிவானது. செயற்கைச் சுவாசக் கருவியிலிருப்போருள் இறப்பை மூன்றிலொரு பங்கு அது குறைத்ததென்று 2020 ஜூனில் இங்கிலாந்தில் அறிந்தனர். எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்தது. அதனைப் பழித்தல் என் கருத்தன்று. ஆயினும் அது குருதியிற் சர்க்கரையை ஏற்றும். நெடுநாள் மிகுதியாகக் கொடுத்தால் தசையையும் தளர்த்தும். நீரிழிவு மிகுந்த நம் நாட்டில் அதன் விளைவு கடிதாயிற்று. 2021 மே மாதத்திற் கரும்பூஞ்சை நோயைத் தமிழக அரசு அறிவிக்கத்தக்க நோயாகச் சேர்த்ததை நினைவு கூர்க. கொரோனாவினின்று தப்பியோருட் சிலர் அதனாற் கண்ணையோ மேல்தாடையையோ இழந்தனர். என் மாமனுக்கு அப்பூஞ்சை வரவில்லை. சர்க்கரை வந்தது, அதனை ஆறு திங்கள் கழித்தே கண்டுபிடித்தோம். களைப்பின் ஒரு பங்கு அதனால் என்பது பின்னரே புலனாயிற்று.

மனத்தின் எச்சத்தை மிகச் சுருங்கச் சொல்கிறேன்; இதிற் கற்றது சிறிது. காய்ச்சலிற் பிதற்றுவதை நம் முன்னோர் சன்னி என்றனர். தீவிர சிகிச்சைப் பிரிவில் இச்சன்னி மிகப் பலர்க்கு உண்டாகிறது. அது நெடுநேரம் நீடித்தவர்க்குப் பின்னாளில் நினைவாற்றலும் கூர்மையும் குன்றுதல் மிகுதி என்று, 821 பேரை ஆராய்ந்து 2013-இல் அமெரிக்க மருத்துவர் வெளியிட்டனர். மாமன் பிதற்றியதை யாம் கண்டிலம். எங்களை உள்ளே விட்டாரில்லை. ஆனால் எழுதாமலே ஆள் கூலிக் கணக்கை ஒரு பருவம் முழுதும் தலையில் வைத்திருந்தவர், இப்போது ஒரு சிறு குறிப்பேட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

இவை புதிய நோய் கொணர்ந்த புதுமை என்று கருதுவார்க்கு 1918-ஆம் ஆண்டை நினைவூட்டவேண்டும். அவ்வாண்டின் இன்ஃபுளூயன்சாவால் இந்திய நாட்டில் ஒரு கோடியே இருபது இலட்சம் முதல் இரண்டு கோடி பேர் வரை மாண்டனர் என்று கணக்கிடுவர். 1911-இலும் 1921-இலும் எடுத்த குடிமதிப்புக்களை ஒப்பிட்டால் நாட்டின் மக்கட்டொகை வளராது குறைந்திருத்தல் காணலாம். மாண்டாரை எண்ணினோம்; பிழைத்து இளைத்தாரை எவரும் எண்ணவில்லை. கிழக்காப்பிரிக்கத் தங்கனிக்கா நாட்டில், அதே நோயினின்று பிழைத்த உழவர்கள் மழை பெய்த காலத்தில் உழுது விதைக்க வலுவின்றிக் கிடந்தனர் என்றும், பின்வந்த பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணமென்றும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். அதனைப் படித்தபோது எனக்குப் புரட்டாசி வரப்பே கண்முன் நின்றது. சோம்பல் என்று யாரேனும் அவரையும் பழித்திருப்பர். இக்காலத்து இன்ஃபுளூயன்சாவும் எச்சமில்லாததன்று. அமெரிக்கப் போர்வீரராய் இருந்து ஓய்வுபெற்றோரை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட கட்டுரையொன்று, மருத்துவமனையிற் கிடக்கும் அளவுக்குக் காய்ச்சல் கண்டார்க்கு அதன் பின்னும் ஒன்றரையாண்டு வரை இடர் தொடர்வதைக் காட்டுகிறது. கொரோனாவின் எச்சம் பல உறுப்புக்களிற் பரவ, காய்ச்சலின் எச்சம் நுரையீரலையே மிகுதியும் பற்றுகிறதாம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், பிணியாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவான் என மருத்துவத்தை நாற்கூறாக வகுக்கிறது. மருத்துவனும் மருந்தும் மருத்துவமனையோடு நின்றுவிட, நான்காமவனுடைய பணி வீட்டில்தான் தொடங்குகிறது. அவன் அறியவேண்டுவன சில. இளைத்த தசைக்கு முட்டை, மீன், பருப்புப் போன்ற உணவும், நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டிய நடையும், ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சியும் வலுவூட்டும். ஆயின் இவ்விதி எல்லார்க்கும் ஒவ்வாது. சிலர் இன்று சிறிது மிகுதியாக உழைத்தால் நாளையும் மறுநாளும் படுக்கையினின்று எழமாட்டாராகின்றனர். அத்தகையோரை 'நடந்தால் சரியாகும்' என்று தூண்டுதல் தீங்கே. அவர்கள் களைப்புத் தோன்றுமுன்னே நிறுத்தப் பழகவேண்டும். யார் எவ்வகையினர் என்பதை மருத்துவர் கேட்டறிந்து சொல்லல் வேண்டும். நெஞ்சுவலியோ, கால் வீக்கமோ, திடீர் மூச்சுத்திணறலோ கண்டால் நாள் பார்த்தல் கூடாது. குருதி உறைந்து நுரையீரலில் அடைத்தலும் நேர்வதுண்டு.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் குருதியழுத்தத்துக்கும் மருந்தை வீட்டிலேயே தருவதோடு, இயன்முறை மருத்துவரும் இல்லந்தேடி வருமாறு அமைத்தனர். கொரோனா எச்சத்துக்கென்று வகுத்த திட்டமன்று அது. எனினும் மாமனின் சர்க்கரையைக் கண்டது அதன்வழி வந்த பெண்ணொருத்தியே. அவள் விரலிற் குத்திக் குருதி பார்த்துவிட்டு, "எத்தனை நாளாய் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள், ஐயா?" என்று கேட்டாள். அத்தனை நாளில் அவரை அவ்வினா வினவியவர் அவளொருத்திதான். யான் சொன்னது வினாவன்று.

பின்னர்ப் பெரிய மருத்துவமனையில் நுரையீரற் சோதனையும் நடைச் சோதனையும் செய்தனர். கையிற் கொடுத்த தாளில் இருந்த எண்களை அவர் எனக்குக் காட்டி, "பார்த்தாயா" என்றார், அவ்வளவே. அத்தாளை மடித்துக் குத்தகைச் சீட்டுக்களோடு பெட்டியில் வைத்திருக்கிறார். இரண்டாண்டில் நடை தேறிற்று. மூட்டை தூக்குதல் போயிற்று. ஒன்பது மாவில் ஐந்தை விட்டுவிட்டார். எஞ்சிய நாலு மாவில் நடவுக்கு ஆள், அறுப்புக்கு இயந்திரம்.

சென்ற விடுமுறையில் அவரோடு வயலுக்குப் போனேன். மண்வெட்டியை யான் வாங்கிக்கொண்டேன். மடை வரை செல்ல இருமுறை நின்றார். நிற்கும்போதெல்லாம் வாய்க்காலையோ கொக்கையோ பார்ப்பதுபோல் நிற்பார். அது அவர் கற்றுக்கொண்ட வழக்கம். யானும் நின்றேன். எதிரே வந்த ஒருவர், "என்ன, மாமனும் மருமகனும் நின்றுவிட்டீர்கள்?" என்றார். "மூச்சு வாங்குகிறது" என்று மாமன் சொன்னார். அவர் அதனை வாய்விட்டுச் சொல்ல யான் கேட்டது அன்றே முதன்முறை. வந்தவர் தலையசைத்து, வரப்பில் ஒதுங்கி வழிவிட்டார்.